தோள்வலி வந்தது வேனிலிருந்து!

எங்கள் சாத்தூரில் விடியற்காலையில் பார்த்தால், தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் பெண்களை ஏற்றிப்போகும் வேன்கள் வரிசையாகப் போகும். ஆலையை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த வேன்களில் ஒன்றை ஓட்டுபவர் என் கணவர். வேன் ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

சில மாதங்களாக அவருக்குத் தோள்வலி. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை குறையும், திங்கள் சாயங்காலம் மறுபடி வந்துவிடும்.

"என்னங்க, வண்டி ஓட்டுற நாளில் மட்டும் வலி வருதே, வண்டியில ஏதும் கோளாறா?" என்று கேட்டேன்.

"ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. ஆயில் ஊத்தினா சரியாப் போகுது" என்றார்.

வாசல் தெளிக்கும்போது, வேன் நின்ற இடத்தில் சிவப்பாக எண்ணெய்க் கறை இருந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. கோவில்பட்டியில் பட்டறை வேலை பார்க்கும் என் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிறன்று வந்து பார்த்தான்.

"பவர் ஸ்டீயரிங் பம்ப் ஒழுகுதுக்கா. அத்தான் ஆயிலை ஊத்தி ஊத்தியே ஓட்டியிருக்காக" என்றான்.

இன்ஜின் பெல்ட்டால் சுற்றும் இந்தப் பம்ப், எண்ணெயை அழுத்தி அனுப்பிச் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. கனத்த வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்து, அமெரிக்க இன்ஜினியர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே இப்படி ஒன்றைச் செய்து காட்டினார். விற்பனைக் கார்களில் வந்தது 1951-ல்தான். எண்ணெய் குறைந்தால் ஸ்டீயரிங் அடியோடு நின்றுவிடாது. பாரம் முழுவதும் ஓட்டுபவரின் தோளில் இறங்கிவிடும். ஒழுகும் எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா?

இன்ஜின் நன்றாக ஆறியபின் வேலை தொடங்கியது. பாட்டரி வயரைக் கழற்றி, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்தான். பின் சக்கரங்களுக்கு அண்டைக் கல் கொடுத்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாதாம். எண்ணெயை வடித்து, பெல்ட்டை உருவி, குழாய்களை விலக்கி, பம்பைக் கழற்றினான். கழற்றிய போல்டுகளை என் பழைய இட்லித் தட்டில் குழிக்கொன்றாக வரிசைப்படி போட்டு வைத்தேன். மாட்டும்போது ஒன்றுகூட மாறவில்லை!

புதுப் பம்பை, குழாய் மூட்டுகளுக்குப் புது வாஷர் போட்டு மாட்டினான். வண்டிப் புத்தகத்தில் சொன்ன எண்ணெயையே ஊற்றினான். இன்ஜினைப் போடாமல், ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்குமாக இருபது தடவை மெல்லத் திருப்பச் சொன்னான். உள்ளே புகுந்த காற்று வெளியேறத்தான் இது. குறைந்த எண்ணெயை நிரப்பி, பிறகு இன்ஜினைப் போட்டுத் திருப்பினார்கள். நுரை அடங்கும்வரை நான் டாங்கியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய உறுமல் இல்லை. ஒரே கையால் திருப்ப முடிந்தது.

வீட்டில் வண்டி உள்ள சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். இன்ஜின் ஓடும்போது ஒழுகலை விரலால் தடவிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும். ஊசிபோலப் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். அப்படி நேர்ந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒழுகும் இடம் தெரிய, ஒரு அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், டப்பாவில் மூடி, குழந்தைகள் கைபடாமல் வைத்து, பட்டறையில் சேர்த்துவிடுங்கள். கைக் கறைக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் புண்ணாகும். கடலை மாவும் சோப்பும் போதும்.

இப்போது வரும் பல கார்களில் மின்சார மோட்டாரே ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுகிறது. அவற்றில் இந்தப் பம்ப் கிடையாது. மற்ற வண்டி என்றால், காலையில் வாசல் பெருக்கும்போது அதன் அடியிலும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டு சொட்டு விழுந்திருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வாரத்தில் தோள்வலி விட்டது. தைலப் பாட்டில் இன்னும் பாதி அப்படியே இருக்கிறது.