கல்லின் பூர்வீகம்

1981 பிப்ரவரியில் ஹிண்ட் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்றே எங்கள் கட்சிக்காரரின் வழக்கு பாதி செத்துவிட்டது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 8-சி என்று ஒன்று இருந்தது. 1977 டிசம்பர் 7 முதல் கறுப்பு கிரானைட் வெட்டத் தனியாருக்குக் குத்தகை கிடையாது; அரசோ, அரசுக்கே சொந்தமான நிறுவனமோதான் வெட்டலாம் என்றது அது. சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய அந்த விதியை, நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு செல்லும் என்றது. கூடவே, மனு கொடுத்த நாளில் இருந்த விதி அல்ல, மனுவை முடிவு செய்யும் நாளில் இருக்கும் விதியே பொருந்தும் என்றும் சொன்னது.

அதுதான் எங்கள் ஆளைச் சாய்த்தது. புறம்போக்குக் குன்று ஒன்றுக்கு, தடை வருவதற்கு முன்பே அவர் மனுப் போட்டிருந்தார். அலுவலகம் அதைக் கிடப்பில் போட்டது. கிடந்த காலத்தில் விதி மாறியது. தாமதம் யாருடையது என்று பார்த்தால் நியாயம் அவர் பக்கம். ஆனால் குத்தகை கேட்டதனாலேயே குத்தகை பெறும் உரிமை வந்துவிடாது. இல்லாத உரிமையைத் தாமதம் பறித்துவிட்டதாக எப்படி வாதிடுவது?

என் சீனியர் வக்கீல் வேறு வாசலைத் தட்டினார்: அந்தக் கல் கிரானைட்டே அல்ல. ரிட் மனுவில் சாட்சிக் கூண்டு கிடையாது, எதுவானாலும் காகிதத்தில்தான் வரவேண்டும் என்பதால், ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர் ஒருவரின் அறிக்கையைப் பிரமாணப் பத்திரத்தோடு இணைத்தோம். கல் டோலரைட் என்னும் கரும்பாறை, சிலிக்கா நூற்றுக்கு ஐம்பது பங்கு. கிரானைட்டில் எழுபது பங்கு அளவில் இருக்கும்.

அரசு வக்கீல் லேசுப்பட்டவர் அல்ல. எதிர்ப் பிரமாணப் பத்திரத்தில் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டை இழுத்துவந்தார். அங்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காகக் கரும்பாறை, அதற்கு மேலே செந்நிற கிரானைட். இரண்டுக்கும் வயது சுமார் 205 கோடி ஆண்டு. பாறைக் குழம்பு ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் கொண்ட தாதுக்கள் முதலில் படிகமாகிப் பிரிய, சிலிக்கா மிகுந்த மிச்சம் கிரானைட்டாக உறைந்தது என்றால், இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள்தானே என்பது அவர் கேள்வி.

“தம்பி, மிச்சம் எவ்வளவு மிஞ்சும்?” என்று என்னிடம் கேட்டார் பேராசிரியர். கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்டில் அப்படி மிஞ்சியது உண்டு, ஆனால் சொற்பம். புஷ்வெல்டின் கிரானைட்டோ மிச்சம் என்று சொல்லக் கூசும் அளவு. கரும்குழம்பின் சூட்டில் பூமியின் பழைய மேலோடே உருகி அந்த கிரானைட் ஆகியிருக்க வேண்டும். அதற்கு அவர் சொன்ன ஆதாரம் ஸ்ட்ரான்ஷியம். ருபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. ருபிடியம் மிகுந்த பழைய மேலோட்டில் ஸ்ட்ரான்ஷியத்தில் அதன் விகிதம் ஏறிக்கொண்டே போகும். படிகங்கள் எவ்வளவு பிரிந்தாலும் எஞ்சிய குழம்பில் அந்த விகிதம் மாறாது. ஆகவே கிரானைட்டில் அது உயர்ந்திருந்தால், மிச்சம் அல்ல, மேலோடு என்று தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்துக் கெடுக்க முடியாத சாட்சி கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன்.

“அவசரப்படாதீங்க. அங்கே கரும்பாறையே மேலோட்டைக் கரைச்சுக் குடிச்சிருக்கு. விகிதம் அதிலேயும் உயர்ந்துதான் இருக்கு. அதனால சண்டை இன்னும் தீரலை. இதையும் அறிக்கையில எழுதுவேன்” என்றார். சீனியர் முகம் சுருங்கியது. எழுதினார்.

அத்தனையும் நீதிபதிக்குத் தேவைப்படவில்லை. தட்டச்சு செய்த வழக்குக் கட்டைப் புரட்டி, மனுதாரர் தன் விண்ணப்பத்தில் கனிமத்தின் பெயராக எதைக் குறித்திருக்கிறார் என்று மட்டும் கேட்டார். கறுப்பு கிரானைட். விதி எழுதியவர்கள் ஆய்வகத்தை அல்ல, சந்தையை மனத்தில் வைத்தே எழுதினார்கள் என்று மனுவைத் தள்ளினார். சட்டப்படி அது சரிதான். சந்தையில் கறுப்பு கிரானைட் என்று போகும் கல் பெரும்பாலும் டோலரைட்டும் காப்ரோ என்னும் இன்னொரு கரும்பாறையும்தான். எங்கள் வாதத்தை ஏற்றிருந்தால் அந்த விதி தடுக்க எதுவுமே மிஞ்சியிருக்காது.

1994-இல் பிரீமியம் கிரானைட்ஸ் வழக்கில், மற்ற விதிகளுக்கு விலக்காக, கனிம வளர்ச்சி கருதி அரசே குத்தகை தர இடமளித்த 39-ஆம் விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். எங்கள் கட்சிக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். இன்னொரு முறை மனுப் போட்டுக் காத்திருக்கத் தெம்பில்லை என்று பதில் வந்தது.