கரும்புல ஏது உப்பு?

பொங்கல் லீவுக்குத் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஒண்ணாம் வகுப்பு. "அண்ணே, இவனுக்குக் கணக்கே ஏற மாட்டேங்குது"ன்னு தங்கச்சி அவன் முன்னாடியே சொன்னா. பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கும் கணக்கு அடி வாங்கித்தான் ஏறுச்சு. அதனால சும்மா இருக்க முடியல.

தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பன்னீர்க் கரும்பை வெட்டி, "கணுவை எண்ணுடா"ன்னேன். 14. அடி, நடு, நுனி மூணுலயும் ஒரு துண்டு நறுக்கினேன். அவன் கண்ணைக் கட்டிவிட்டு, மாத்தி மாத்திக் கொடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வாய் கொப்பளிக்கணும். நல்ல இனிப்புன்னா 5 புளியங்கொட்டை, சப்புன்னு இருந்தா 1.

அடிக்கு 5, நடுவுக்கு 4, நுனிக்கு 1 வச்சான்.

"அடிக்கும் நுனிக்கும் எத்தனை வித்தியாசம்?"

"நாலு மாமா." பட்டுனு வந்துச்சு. "ஏன் மாமா அடி மட்டும் இப்படி இனிக்குது?"

"அடிக்கணுதான் முதல்ல விளைஞ்சது, சர்க்கரை அங்க சேர்ந்திருக்கு. நுனி இன்னும் வளருது, அதுல தண்ணிதான் அதிகம்"னேன்.

கொஞ்ச நேரம் மென்னுட்டு, "மாமா, அடித்துண்டுல உப்பும் இருக்கு"ன்னான்.

"கரும்புல ஏதுடா உப்பு!"

மறுபடியும் தலை குனிஞ்சுது. எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. நானும் வாய் கொப்பளிச்சு, கண்ணை மூடிக் கடிச்சேன். லேசாக் கரிச்சுது.

போன கோடையில தண்ணி வத்தினதால போரை இன்னும் ஆழமா இறக்கியிருந்தேன். உப்புத் தண்ணி பாய்ஞ்சா கரும்பும் கரிக்கும், வெல்லமும் கரிக்கும்னு அப்பா சொல்லுவார். தினமும் இதே கரும்பைக் கடிச்ச என் நாக்கு பழகிப்போச்சு. அவன் நாக்கு பழகல.

"நீ சொன்னது சரிடா"ன்னேன். உடனே உப்புக்குன்னு தனியா ஒரு வரிசை கொட்டை அடுக்க ஆரம்பிச்சுட்டான்.

லீவு முடிஞ்சதும் போர்த் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கேன். முடிவு இன்னும் வரல. அடுத்த வருசம் கரும்பு போடலாமா வேண்டாமாங்கிறது அதுலதான் இருக்கு.

உங்க வீட்டுல கரும்பு வேணும்னு இல்ல, ஆரஞ்சுச் சுளை போதும். பிள்ளைங்களை எண்ணச் சொல்லுங்க, ருசி பார்க்கச் சொல்லுங்க. அவங்க ஏதாவது புதுசா சொன்னா, "அதெல்லாம் இல்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு வாய் தின்னு பாருங்க.