நாவில் பழகும் ஆங்கிலம்

மொழி என்னும் மாளிகைக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று நூல், மற்றொன்று பேச்சு. மதரசாவில் ஓதி வந்த எம்போன்றோர் நூல் வாயிலாகவே நுழைந்தவர்கள். இப்னு மாலிக்கின் அல்பிய்யா 1000 அடிகளையும் மனனம் செய்து, எந்த அரபு வாக்கியத்திற்கும் இஃராப் சொல்லவல்ல மவ்லவி, அரபு நாட்டு விருந்தினர் ஒருவர் வந்து நின்றால், “தேநீர் அருந்துகிறீர்களா?” என்று கேட்கத் தயங்குவதுண்டு. குறை கல்வியில் இல்லை. இரண்டாவது வாயில் திறக்கப்படவில்லை என்பதே உண்மை. ஆங்கிலத்திலும் நம் நிலை இதுவே.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் ஒரு பள்ளிவாசலில் இமாமாக இருக்கிறார். அங்கு போன சில மாதங்களில் அவர் எழுதியிருந்தார்: “ஹஜ்ரத், ஜுமுஆ உரையை ஆங்கிலத்தில் எழுதிவைத்து வாசித்துவிடுகிறேன். ஆனால் நேற்று மக்தபில் ஒரு சிறுமி படியில் தடுக்கி விழுந்து அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தமிழில் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.”

அக்கடிதம் என் நெஞ்சைத் தைத்தது. மிம்பரில் நா உடையவராகவும் முற்றத்தில் ஊமையாகவும் ஓர் ஆசிரியர் இருக்கலாமா? அப்போது எங்கள் மதரசாவில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் அஸருக்குப் பின் மாணவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்பித்து வந்தார். ஐம்பத்து நான்கு வயதில், என் மாணவர்களுக்குப் பின்னால் நானும் போய் அமர்ந்தேன். முதல் நாளே, விழுந்த குழந்தையை ஆங்கிலேயர் எவ்வாறு தேற்றுவர் என்று கேட்டேன்.

“தேர், தேர்” என்றார் அவர்.

சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், “அங்கே, அங்கே” என்றாகும். மாணவர்கள் சிரித்தனர். “உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?” என்று அவர் கேட்டார். “ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்போம்” என்றான் ஒருவன். “முழங்காலில் இரத்தம் வழியும்போதா?” என்றார். வகுப்பு அமைதியாயிற்று. ஆறுதல் அகராதிப் பொருளில் இல்லை. சொல்லும் குரலிலும், அம்மொழியினர் அச்சொல்லை ஆளும் வழக்கிலும் இருக்கிறது. அன்றாடச் சொற்றொடரைப் பிரித்துப் பொருள் பார்க்காமல் முழுதாகவே ஏற்கவேண்டும் என்பதை அன்று கண்டோம்.

அடுத்து மரியாதை. தமிழில் அது வினைமுற்றின் ஈற்றிலேயே அமைந்திருக்கிறது. “தண்ணீர் கொடு” என்பதற்கும் “தண்ணீர் கொடுங்கள்” என்பதற்கும் உள்ள தூரம் நாம் அறிந்ததே. ஆங்கிலத்திலோ ஒருமையாகிய ‘தௌ’ 17ஆம் நூற்றாண்டில் பொதுவழக்கிலிருந்து மறையலாயிற்று; சிறுவனுக்கும் பெரியவருக்கும் ‘யு’ ஒன்றே எஞ்சியது. ஆகவே, நம் ‘ங்கள்’ செய்யும் வேலையை அவர்கள் ‘ப்ளீஸ்’, ‘குட் யு’, ‘வுட் யு’ முதலியவற்றிடம் ஒப்படைத்துள்ளனர். பணிவுடன் நினைத்துக்கொண்டே “கிவ் மீ வாட்டர்” என்று மொழிபெயர்ப்பவரின் ‘ங்கள்’ வழியிலேயே உதிர்ந்துபோகிறது. கேட்பவர் காதில் கட்டளையே விழுகிறது. அடக்கமான நம் பிள்ளைகள் பலர் முரடர் எனக் கருதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. “வுட் யு மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?” என்று ஒருவர் கேட்டால், உதவ விரும்புபவர் ‘யெஸ்’ என்று சொல்லலாகாது. ஏனெனில் கேள்வி, “சன்னலைத் திறப்பதில் உமக்குத் தடை உண்டா?” என்பது. “நாட் அட் ஆல்” என்பதே இசைவு. “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் நாட் இன்” என்பவர் எதற்கும் அஞ்சவில்லை. அவர் இல்லை என்று சொல்ல வருந்துகிறார். வாழ்த்தினால் அதனினும் அழகாகவோ, அதையேயோ திருப்பிச் சொல்லுமாறு திருமறை நமக்குக் கற்பிக்கிறது. இன்று அருகிவரும் “ஹௌ டு யு டு” என்னும் முகமனுக்கும் அதையே திருப்பிச் சொல்வதுதான் முறை. “ஹௌ ஆர் யு?” என்பார்க்கு “ஃபைன், தேங்க் யு” போதும், மூட்டுவலியின் வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை.

விடைபெறும்போது நாம் “போகிறேன்” என்பதில்லை. “போய் வருகிறேன்” என்கிறோம். நன்னூலார் ‘மங்கலம்’ என்று பெயரிட்ட வழக்கின் பாற்படும் பண்பு இது. ஆங்கிலத்தின் ‘குட்பை’யும், “இறைவன் உம்மோடு இருப்பானாக” என்னும் பழைய வாழ்த்து தேய்ந்து சுருங்கிய வடிவமே. ‘பீஅமானில்லாஹ்’ என்று வழியனுப்பும் நமக்கு இக்கருத்து அந்நியமன்று.

இவற்றைக் கற்கத் தடையாய் நிற்பது நினைவாற்றலின் குறைவன்று, நாணமே. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை 15 நாட்களுக்குள் கற்றுக்கொண்டதாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. தேவை முன் நின்றபோது அவர்கள் தயங்கி நிற்கவில்லை. தேவை நமக்கும் இருக்கிறது. மருத்துவமனை, விமான நிலையம், தமிழறியாப் பேரப்பிள்ளை என்று அது நம் வாசலுக்கே வந்து நிற்கிறது.

வழி எளிது. சந்திப்பு, நன்றி, மன்னிப்பு, உதவி கேட்டல், மறுத்தல், ஆறுதல், விடைபெறல் என்று சந்தர்ப்பங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்றொடர்கள் போதும். ஏட்டில் எழுதி மூடிவைக்காமல், குர்ஆன் ஓதப் பழகியதுபோல் வாய்விட்டு, பிறர் செவியில் படும்படி, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பிழையைத் திருத்த வீட்டிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் பேத்தியிடம் பாட்டனார் பாடம் கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை. அவள் சிரிக்காமல் சொல்லித் தரவேண்டும் என்பதைப் பெற்றோர் அவளுக்குக் கற்பித்தால் போதும்.