பாபா வழியும் மாமா வழியும்



ஓரிடத்திற்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று எளிது, மற்றொன்று கடினம். நீங்கள் எதில் செல்வீர்கள்? எளிதான வழியையே நான் எப்போதும் தேர்ந்து வந்தவன். சென்ற பிப்ரவரியில் இலங்கையின் ஆதம் மலையில் ஏறிய ஓரிரவு, அந்தத் தேர்வை எண்ணி என்னை வெட்கப்பட வைத்தது.

கொழும்பில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். உடன் வந்தவன் என் தங்கை மகன். கல்லூரியில் வரலாறு பயிலும் இறுதியாண்டு மாணவன். மேற்படிப்பை டில்லியில் தொடர வேண்டுமென்பது அவன் ஆவல். புறப்படும் முன் தங்கை என்னைத் தனியே அழைத்து, “காக்கா, நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். உள்ளூரிலேயே படிக்கச் சொல்லுங்கள்” என்றாள். நானும் தலையசைத்து விட்டேன்.

திருமணம் முடிந்ததும் மருமகன் மலைக்குச் செல்ல வேண்டுமென்றான். கடல் மட்டத்திலிருந்து 2,243 மீட்டர் உயரமுள்ள மலை அது. பௌத்தர்கள் ஸ்ரீபாதம் என்றும், இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கின்றனர். ஆதம் (அலை) அவர்கள் பூமியில் எவ்விடத்தில் இறக்கப்பட்டார்கள் என்று திருக்குர்ஆன் குறிப்பிடவில்லை. ஆகவே நாங்கள் நேர்ச்சைக்காகச் செல்லவில்லை. படைத்தவனின் பூமியைக் காணவே சென்றோம்.

மருமகனை அம்மலைக்கு இழுத்தது இப்னு பதூதாவின் பயண வரலாறு. 1304இல் தஞ்சீரில் பிறந்த அவர், 1325இல் தம் இருபத்தோராம் வயதில் தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது, பிறரையெல்லாம் வரவேற்க ஆளிருந்தது. தமக்கு ஸலாம் கூற ஒருவருமில்லை என்று அழுது விட்டதாக அவரே கூறியுள்ளார். அழுதவர் திரும்பிவிடவில்லை. 1344இல் இந்த மலை உச்சிவரை வந்து, அதன்பின் மஃபர் என அரபியர் அழைத்த நம் தமிழ்க் கரையில் கப்பல் சேதமுற்று இறங்கி மதுரைக்கும் வந்தார்.

இம்மலைக்கு இரண்டு வழிகள் உள்ளன என்று அவர் எழுதினார். ஆதம் (அலை) அவர்களின் பெயரால் பாபா வழி. ஹவ்வா (அலை) அவர்களின் பெயரால் மாமா வழி. மாமா வழி எளிது. ஆனால் அதில் ஏறியவரை மலையேறியவராகவே மக்கள் மதிப்பதில்லையாம். கடினமான பாபா வழியில் ஏறி, மற்றதில் இறங்குவதே வழக்கம்.

இதைக் கூறிய மருமகன் சிரித்தான். “மாமா வழி எளிது என்று அன்றே எழுதி வைத்துவிட்டார், மாமா. நீங்கள் வேண்டுமானால் அதில் வாருங்கள்.”

இன்றும் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் செல்வது ஐயாயிரத்திற்கு மேற்பட்ட படிகளைக் கொண்டது. பெரும்பாலோர் அதிலேயே செல்வர். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகச் செல்வது அதனினும் நீண்டது, கடினமானது. அவன் இரத்தினபுரி வழியைத்தான் தேர்ந்தெடுத்தான். அவ்வூர்த் தேநீர்க் கடையில் அமர்ந்த அரை மணி நேரத்தில் சிங்களச் சொற்கள் பத்தினைக் கற்றும் கொண்டான். நானோ சைகையால் தேநீர் கேட்டேன்.

இஷாத் தொழுகையை முடித்து ஏறத் தொடங்கினோம். காடு, இருள், ஓடையின் ஓசை. காலில் அட்டை கடித்தது. இப்னு பதூதாவும் அட்டையைக் கண்டார். அதன்மேல் பிழிய மக்கள் எலுமிச்சையுடன் வந்ததாக எழுதியுள்ளார். மருமகனின் பையில் நான்கு எலுமிச்சம் பழங்கள் இருந்தன!

நள்ளிரவிற்குப்பின் என் முழங்கால்கள் நடுங்கின. ஒரு படியில் அமர்ந்து விட்டேன். “நாம் திரும்பிவிடலாம்” என்றேன். அச்சொல் வாயிலிருந்து வந்ததுமே எனக்குத் திடுக்கிட்டது. ஏனெனில் முன்பொருமுறையும் அதே சொல்லை நான் கூறியிருந்தேன்.

வாசகர்களே, என் வீட்டார்க்கும் தெரியாத ஒன்றை உங்களிடம் கூறுகிறேன். பட்டப்படிப்பு முடிந்தபின் வடநாட்டு அரபுக் கல்லூரி ஒன்றில் மேற்கல்விக்கு எனக்கு இடம் கிடைத்தது. சென்ற மூன்றாம் நாளே இரயிலேறித் திரும்பினேன். உருதுப் பேச்சு புரியவில்லை, குளிர் தாங்கவில்லை, எவரையும் தெரியாது. அவ்விடத்தில் குறையேதுமில்லை. குறை என் நெஞ்சில் இருந்தது. வீட்டிலோ, “இடம் கிடைக்கவில்லை” என்று கூறிவிட்டேன். இன்றும் என் மாணவர்கள் ஆழ்ந்த வினாவொன்றைக் கேட்கும்போது, பெற்றிருக்க வேண்டிய அந்த ஆண்டுகள் என் நினைவில் குத்துகின்றன.

அப்போது வெள்ளுடை அணிந்த சிங்கள மூதாட்டி ஒருவர், பேரனின் கைபற்றி மெல்ல ஏறி வந்தார். என்னைக் கண்டு நின்று, ஏதோ கூறி, ஒரு துண்டுக் கருப்பட்டியை நீட்டினார். மொழி புரியவில்லை, அன்பு புரிந்தது. “ஸ்தூதி” என்றான் மருமகன், என் சார்பில். அவர் கடந்து சென்றார். நான் எழுந்தேன்.

பஜ்ரை வழியில் ஒரு சமதளத்தில் தொழுதோம். உச்சியை அடைந்தபோது கதிரவன் எழுந்தான். மேற்கே, மேகப் பரப்பின்மீது மலையின் நிழல் முக்கோணமாய் வீழ்ந்தது. எத்தனை முறை ஏறினரோ அத்தனை முறை மணியடிப்பது அங்குள்ளோர் வழக்கம். அந்த ஓசைக்கிடையே மருமகன் ஒன்றும் பேசாமல் நின்றான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நல்லதண்ணி வழியே இறங்கினோம். தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குரல்கள் கேட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அன்று அவர்களுக்கு வழியைத் தேரும் உரிமை இருக்கவில்லை. நமக்கு அது உண்டு. அதை அஞ்சி வீணாக்குவது எவ்வளவு பெரிய இழப்பு!

மாணவச் செல்வங்களே, ஆபத்தைத் தேடிச் செல்லுங்கள் என்று நான் கூறவில்லை. அறியாத ஊர், புரியாத மொழி, கடினமான பாடம் ஆகியவற்றைக் கண்டு முதல் மூன்று நாள்களில் முடிவெடுத்து விடாதீர்கள் என்கிறேன். அறிவைத் தேடி மூஸா (அலை) அவர்கள் மேற்கொண்ட நெடும்பயணத்தை அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் ஓதுகிறோம். களைப்பையும் பசியையும் அவர்களும் உணர்ந்தார்கள். கண்ணீர் வந்தால் அழுங்கள். தூனிஸில் இப்னு பதூதாவும் அழுதார். எலுமிச்சம் பழத்தை மட்டும் மறவாதீர்கள்: ஆயத்தமின்றிச் செல்வது துணிவாகாது.

அன்றிரவு கொழும்பிலிருந்து தங்கையுடன் தொலைபேசியில் பேசினேன். அவள் சொன்னதைச் சொல்லவில்லை என்பதையும், அந்த இரயிலின் கதையையும், நான் கூறிய பொய்யையும் உரைத்தேன். நெடுநேரம் மறுமுனையில் மௌனம். தொடர்பு அறுந்ததோ என எண்ணினேன்.

பிறகு கேட்டாள்: “காக்கா, டில்லியில் குளிர் அதிகமாமே. கம்பளி இங்கேயே வாங்கலாமா, அங்கே போய் வாங்குவதா?”