கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க

கார் விளம்பரங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ரோடு எப்போதும் நனைந்தே இருக்கும். மழை இப்போதுதான் விட்ட மாதிரி ஒரு பளபளப்பு. ரெண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம். எதிரே ஒரு லாரி வராது, குறுக்கே ஒரு ஆடு போகாது. வளைவுக்கு வளைவு வண்டி சிரித்துக்கொண்டே போகும்.

கோவில்பட்டியில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல். பருத்தி, கம்பு, உளுந்து, நடுநடுவே சீமைக்கருவேலம். எட்டயபுரம் ரோட்டில் ஏறினால் ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலை அதிகம் கிடையாது. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் அதே மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு, பத்து எட்டு வைப்பதற்குள் காலுக்கு ஒரு கிலோ ஏறிவிடும். இந்த மண்ணில் ஓடுகிற காரை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

சின்ன வயதில் எங்களுக்குக் கார் என்றால் அம்பாசிடர்தான். அதற்கு விளம்பரமே தேவைப்படவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. க்யூவில் நிற்கிறவனைப் பார்த்து 'வாங்க, வாங்கிக்கோங்க' என்று எவனாவது கூவுவானா? டாக்டர்கள் ஃபியட் வைத்திருந்தார்கள். பின்னால் அதே வண்டி பிரீமியர் பத்மினி என்று பொண்ணுப் பேரோடு வந்தது. மெட்ராஸ் பக்கத்திலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று எங்கள் தெரு வழியாக எப்போதாவது போகும். பின்னாலேயே ஓடுவோம்.

1983 டிசம்பர் 14-ம் தேதி மாருதி 800 வந்தது. முதல் காரின் சாவியை டெல்லிக்காரர் ஹர்பால் சிங்கிடம் பிரதமர் இந்திரா காந்தியே கொடுத்தார். விலை ஐம்பதாயிரத்துக்கும் கீழே. அன்றைக்கு ஐம்பதாயிரம் என்பது எங்கள் தெருவில் யாரும் சேர்த்துப் பார்த்திராத தொகை. ஆனாலும் 'பட்ஜெட் கார்' என்று ஒரு ஜாதி பிறந்தது அன்றைக்குத்தான்.

இந்த இடத்தில் என் சித்தப்பாவை உங்களுக்கு அறிமுகப்படுத்தியாக வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். (எங்கள் ஊரில் தீப்பெட்டி ஃபேக்டரியை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) ஒரு டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். முன்னால் தம்பி நிற்பான், நடுவில் சித்தப்பா, பின்னால் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு சித்தி ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சித்தி கையில் ஒரு வயர்கூடை வேறு. கழுகுமலைக்கு அப்படியே போய்த் திரும்புவார்கள்.

விளம்பரங்களைப் பற்றி சித்தப்பாவுக்கு ஒரு பெரிய மனுஷனின் ஏளனம் உண்டு. அதற்கு அவர் தொழிலும் காரணம். ஒரே மருந்து, ஒரே குச்சி, ஒரே பெட்டி. வடக்கே போகிற சரக்குக்கு ஒரு லேபிள், கேரளாவுக்கு ஒரு லேபிள். ஒன்றில் புலி, ஒன்றில் தாமரை, ஒன்றில் ஏரோப்ளேன். "லேபிள்தான்யா மாறும். குச்சி ஒண்ணுதான்" என்பார். படம் ஒட்டி விற்கிற ஊர்க்காரனிடம் யாரும் படம் காட்டி ஏமாற்ற முடியாது என்பது அவருடைய நம்பிக்கை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வந்தது. விளம்பரத்தில் ஷாரூக் கான். கம்பெனிக்காரர் ஒருவர் வந்து 'எங்கள் காருக்கு நீங்கள் நடிக்க வேண்டும்' என்று கேட்பார். இவர் ஆயிரம் குறுக்குக் கேள்வி போடுவார். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காசு குடுத்து நடிக்கிறவரையே இவ்வளவு கெஞ்ச வேண்டியிருக்கே. நம்மளை எப்படிய்யா ஒத்துக்க வைப்பாங்க?" அது போக, அவ்வளவு பெரிய நடிகர் இந்தச் சின்னக் காரிலா வீட்டுக்குப் போவார் என்பதை எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் கார் என்னவோ சக்கைப்போடு போட்டது.

அதே வருஷக் கடைசியில் டாடா இண்டிகா. 'மோர் கார் பெர் கார்' என்று விளம்பர வாசகம். கொடுக்கிற காசுக்குக் கூடுதல் கார் என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் அதை வாசித்தவர்கள் "மோர்க் காரா, தயிர்க் காரா?" என்று கேட்டார்கள். டீசல் இண்டிகா கால்டாக்ஸியாக மாறி ஊரெல்லாம் ஓடியதற்கும் அந்த வாசகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டிரைவர்கள் கணக்குப் போட்டார்கள், வாங்கினார்கள். அவ்வளவுதான்.

விளம்பரம் என்றால் இப்படி இருக்கணும் என்று சித்தப்பா ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். மாருதி விளம்பரம். ஒரு சீக்கியப் பொடியன் பொம்மைக் காரை வீடு முழுக்க, அப்பாவின் மேல் எல்லாம் ஓட்டிக்கொண்டே இருப்பான். நிறுத்தேன்டா என்றால், பெட்ரோல் தீர மாட்டேங்குதே, நான் என்ன பண்ண என்பான். "இவன் விப்பான்யா" என்றார் சித்தப்பா.

இப்படிப்பட்ட மனுஷன்தான் ஒரு கார் விஷயத்தில் கவிழ்ந்து போனார்.

2008 ஜனவரி 10. டெல்லி கண்காட்சியில் ரத்தன் டாடா நானோவை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். விலை ஒரு லட்சம். ஒரு ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் மழையில் போவதைப் பார்த்ததுதான் இந்தக் காருக்கு விதை என்று அவர் சொன்னது எல்லாப் பேப்பரிலும் வந்தது. சித்தப்பா அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குப் போன் பண்ணினார். "ய்யா, இவரு நம்மளைத்தான்யா பாத்திருக்காரு!"

அதற்குப் பிறகு நானோ செய்தி எதையும் அவர் விடவில்லை. மேற்கு வங்காளத்தில் சிங்கூரில் கட்டிய தொழிற்சாலைக்கு எதிராக நிலம் கொடுத்தவர்கள் போராடியபோது, "நஞ்சை நெலத்தைக் கேட்டா எவன் குடுப்பான்?" என்று விவசாயி பக்கம் நின்றார். மறுநாளே, "கார் லேட்டாயிருமோ?" என்று கவலைப்பட்டார். 2008 அக்டோபரில் தொழிற்சாலை குஜராத்தில் சனந்துக்குப் போயிற்று. 2009 மார்ச்சில் காரை விற்பனைக்கு அறிவித்தார்கள். ரெண்டு லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம். கம்ப்யூட்டரில் குலுக்கல் போட்டு ஒரு லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை ஒழித்தாகிவிட்டது. ஆனாலும் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கடைசி லாட்டரி வாய்த்தது. அதிலும் பரிசு விழவில்லை.

2011-ல் குலுக்கல் எதுவும் இல்லாமலே கிடைத்தது. ரோட்டுக்கு வரும்போது ரெண்டு லட்சத்தை நெருங்கிவிட்டது. மஞ்சள் நிறம். டி.வி.எஸ். 50-ஐ விற்கவில்லை, சித்தி சம்மதிக்கவில்லை.

எஞ்சின் பின்னால். 624 சி.சி., ரெண்டே சிலிண்டர். முன்னால் பானட்டைத் திறந்தால் ஸ்டெப்னியும் பெட்ரோல் ஊற்றுகிற வாயும் இருக்கும். பங்க் பையன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அண்ணாச்சி, எங்க ஊத்தணும்?" என்பான். சித்தப்பா பெருமையாக இறங்கி முன்பக்கத்தைத் திறந்து காட்டுவார். பின்பக்கம் திறக்காது. ஒரே ஒரு வைப்பர். சக்கரத்துக்கு மூணே நட்டு. ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தலை இடிக்காது, கால் மடங்காது. சித்தி வயர்கூடையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்தாள்.

ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? "லட்ச ரூபா காரு போகுது பாரு." "ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் கூடப் போட்ருக்கான்." 2010-ல் சில நானோக்கள் தீப்பிடித்த செய்தி வந்திருந்ததால், "தீப்பெட்டி ஆபீஸ்காரருக்குப் பொருத்தமான வண்டிதான்" என்றும் ஒருத்தர் சொன்னார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். "விளம்பரத்துல தப்புப் பண்ணிட்டாங்கய்யா. ஒலகத்துலயே மலிவான காருன்னு சொல்லிச் சொல்லியே கெடுத்துட்டாங்க. அம்பது காசுக்கு வித்தப்போகூட தீப்பெட்டியில 'மலிவு'ன்னு நாங்க போட்டதில்ல. போட்டா, குச்சி எரியாதுன்னு நெனச்சிருவான்."

இது நடந்து ரெண்டு வருஷம் கழித்து, 2013-ல் ரத்தன் டாடாவே ஒரு பேட்டியில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். மலிவான கார் என்ற பெயர் விழுந்தது துரதிர்ஷ்டம், எங்கள் கம்பெனியே அப்படி விற்கப் பார்த்தது என்று. பிறகு கம்பெனி வேறு லேபிள் ஒட்டிப் பார்த்தது. கலர் கலராக இளவட்டங்களைக் காட்டி, கொண்டாட்டம், ஆட்டம் பாட்டம் என்று விளம்பரம். ஸ்கூட்டரில் நாலு பேராகப் போன குடும்பம் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. ஏழைக்கு என்று சொன்னதால் ஏழை வாங்கவில்லை. இளைஞனுக்கு என்று சொன்னதை இளைஞன் நம்பவில்லை. ஒரு வருஷத்தில் எழுபத்தினாலாயிரம் வரை விற்ற வண்டி, 2018 ஜூன் மாதத்தில் ஒன்றே ஒன்றுதான் தயாரானது. அந்த ஒற்றை மஞ்சளோ வெள்ளையோ யார் வீட்டுக்குப் போயிற்றோ!

நான் சொல்ல வந்தது இதில்லை. சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

2012-ல் தங்கச்சியைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். நான் சென்னையிலிருந்து முதல் நாளே போயிருந்தேன். நல்ல கம்பெனியில் வேலை. பேச்சு, நடை, எல்லாவற்றிலும் கொஞ்சம் மிதப்பு. காலையில் வாசலில் கோலம் போட்டு, நாற்காலி போட்டு, எல்லாம் தயார். மாப்பிள்ளை வீட்டார் இன்னோவாவில் வருவதாகத் தகவல் வந்தது. வாசலைப் பார்த்தேன். கழுவித் துடைத்து, கண்ணாடிக்கு மேலே ஒரு முழம் மல்லிகைப்பூ வைத்து, அந்த மஞ்சள் நானோ நின்றது. விடியற்காலையில் சித்தப்பாவே கழுவியிருந்தார்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். அவர்கள் வந்து இறங்கி, முதலில் இந்த வண்டியைப் பார்த்தால் நம்மை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று தோன்றியது. கார் இல்லாத வீடு என்றால்கூடப் பரவாயில்லை, மலிவான கார் உள்ள வீடாக இருக்கக் கூடாது.

"சித்தப்பா, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. அவுக வண்டி நிக்க எடம் வேணும்ல. அடுத்த தெருவுல, அந்த வேப்ப மரத்தடியில..."

எங்கள் தெரு அகலமானது. ரெண்டு லாரி தாராளமாக நிற்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "சரிதாய்யா" என்று உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். போகும்போது அந்த மல்லிகைச் சரத்தை எடுத்து வாசல் நிலையில் மாட்டிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கடலைமிட்டாய், காராச்சேவு, காப்பி. நகை பேசினார்கள், தேதி பேசினார்கள். கார் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும், "தெரு நல்ல அகலமா இருக்கே" என்றார். நான் குனிந்து காப்பியைக் குடித்தேன். சம்பந்தம் முடிந்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

மறுவருஷம் பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "அண்ணே, என்னைப் பாக்க வந்த அன்னைக்கு அப்பா மத்தியானம் சாப்பிடவே இல்ல. வேப்ப மரத்தடியில காருக்குள்ளேயே உக்காந்திருந்தாக." அவள் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குக் காரணமே தெரியாது.

அந்தக் காரில்தான் 2015 ஐப்பசி மழையில், பக்கத்து வீட்டுப் பெண்ணை ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் சித்தப்பா. அவர்கள் காட்டுக்குள் வீடு கட்டியிருந்தார்கள். தார் ரோட்டிலிருந்து இறங்கினால் கரிசல். அதில் டிராக்டரே புதையும். நானோவை ரோட்டு ஓரத்தில் நிறுத்தி ஹெட்லைட்டை எரியவிட்டு, நாலு பேர் கட்டிலோடு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். ஒற்றை வைப்பரோடு மழைக்குள் போய்ச் சேர்ந்தார். ஆண் குழந்தை. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேறு பேர். தெருவில் இன்றைக்கும் அவன் 'நானோ'தான். "ஏலே நானோ, இங்க வா" என்றால் ஓடி வருவான். இதை எவனாவது விளம்பரமாக எடுத்திருக்கலாம். ஆனால் ரோட்டில் அவ்வளவு சேறு இருந்தால் விளம்பரக்காரர்களுக்குப் பிடிக்காது.

2024 அக்டோபரில் ரத்தன் டாடா இறந்தபோது சித்தப்பா போன் பண்ணினார். "டாடா போயிட்டாராம்யா" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "வண்டி நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

2025 தை மாதம் கோவில்பட்டியில் நான் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினேன். விடியற்காலை நேரம். வாசலில் வரிசையாகக் கார்கள். என்னுடையது, மச்சினனுடையது, சென்னையிலிருந்து வந்த நண்பர்களுடையது. சித்தப்பா ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், தேங்காயோடு நடந்து வந்தார். பின்னால் சித்தி. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மூச்சு வாங்கியது.

"நடந்தா வந்தீக? வண்டி எங்க சித்தப்பா?"

"அடுத்த தெருவுல விட்ருக்கேன்யா. இங்க நெறைய வண்டி வரும்ல, எடம் வேணும்ல."

எனக்குத் தொண்டை அடைத்தது. கையை நீட்டினேன். "சாவியைக் குடுங்க சித்தப்பா. நான் போய் எடுத்துட்டு வந்து வாசல்ல நிறுத்துறேன்."

அவர் வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது. எடுக்கவில்லை.

"இருக்கட்டும்யா. அங்க நெழல் இருக்கு" என்றார். பிறகு என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்துக் கேட்டார்.

"பால் பொங்கிருச்சா?"