அழுத்தாதே... ஓடிப் போகாது!

பேனாக் கடையில் நம் ஜனங்கள் பேனாவைப் பரிசோதிக்கிற அழகே தனி. கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். அதில் ஏற்கெனவே இருபது பேர் கிறுக்கியிருப்பார்கள். பக்திமான் என்றால் ஒரு பிள்ளையார் சுழி. கூச்ச சுபாவி என்றால் நாலு சுருள் கம்பி. மற்ற எல்லோரும் சொந்தக் கையெழுத்து! அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதமாட்டார்கள். ‘ம்... நல்லாத்தான் எழுதுது’ என்று பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பஜ்ஜி நன்றாயிருந்தது என்று சம்பந்தம் பேசி முடிக்கிற மாதிரி!

கையெழுத்துப் போட மட்டும்தான் பேனா என்றால் இந்தப் பரிசோதனை போதும். ஆபீஸில் நமக்கெல்லாம் அதற்கு மேல் பேனாவுக்கு என்ன வேலை? வந்ததற்கு அடையாளமாக மெஷினில் விரலை வைக்கிறோம். லீவ் லெட்டர் மெயிலில் போகிறது. என் மேஜைப் பேனா வருஷக்கணக்கில் செய்த ஒரே உருப்படியான காரியம், கூரியர்காரர் நீட்டுகிற தாளில் ஒரு கோழிக் கிறுக்கல். மற்ற நேரத்தில் காது குடைகிற உத்தியோகம்.

அப்படி சொகுசாக வளர்ந்த கைக்கு மூன்று மணி நேரம் நிறுத்தாமல் எழுதுகிற வேலை வந்தால்?

எனக்கு வந்தது சார். தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு, திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாசம், ஆபீஸ் விட்டதும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். இப்படி ஓடி ஓடிப் படித்து டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1 முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டேன். அதுவரைக்கும் கைக்கு சுகம்தான். வட்டத்தைக் கறுப்பாக்கினால் தீர்ந்தது. மெயின் தேர்வு அப்படியில்லை. தமிழ்த் தகுதித் தாள் போக மூன்று தாள். ஒவ்வொன்றும் 250 மார்க், மூன்று மணி நேரம். அத்தனையும் கையால் எழுத வேண்டும். வயசோ, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வயசு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது அறிவுத் தாள்களில் முதல் மூன்றில் ஒவ்வொன்றுக்கும் 20 கேள்வி. பத்துக்குத் தலா 150 வார்த்தை, பத்துக்குத் தலா 250 வார்த்தை. ஆக மொத்தம் 4,000 வார்த்தை. நேரம் 180 நிமிஷம். நிமிஷத்துக்கு 22 வார்த்தை! யோசிக்கிறதுக்கு, எச்சில் முழுங்குறதுக்கு எல்லாம் சேர்த்து.

அதிலும் தமிழில் எழுதுகிறவன் பாடு இன்னும் விசேஷம். நம் எழுத்தெல்லாம் வளைவு, சுழி, கொம்பு. போதாக்குறைக்குத் தலையில் புள்ளி. ‘சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம்’ என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள். ஏழு புள்ளி! ஏழு தடவை பேனாவைத் தூக்கி, குத்தி, இறக்க வேண்டும். ஒரு பக்கத்தில் அந்தச் சட்டம் ஆறு தடவை வந்தால் நாற்பத்திரண்டு குத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். கையில் ஏதோ கான்பரன்ஸில் கொடுத்த ஒல்லிப் பேனா. நாற்பதாவது நிமிஷம் கட்டைவிரல் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. ஐம்பதில் ஆள்காட்டி விரல் ஆதரவு தெரிவித்தது. ஒரு மணிக்கு மணிக்கட்டு முதற்கொண்டு பொது வேலைநிறுத்தம்! ‘மாவட்ட ஆட்சியர்’ என்று நான் எழுதியது ‘மாவாட்டும் ஆச்சி’ மாதிரி இருந்தது.

ரூம்மேட் எட்டிப் பார்த்தான். “மாப்ளே, பதில் தெரியாம ஃபெயிலானவனைப் பார்த்திருக்கேன். பதில் தெரிஞ்சும் கை வராம ஃபெயிலாகப் போறவன் நீ ஒருத்தன்தான்டா!”

சிரிப்பு வரவில்லை. இந்தப் பரீட்சையில் எனக்கு மட்டும் பங்கில்லை. அப்பாவுக்கும் உண்டு.

அப்பா பத்திர எழுத்தர். சாத்தூருக்குப் பக்கத்து ஊரில் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், ஒரு சாய்வு மேஜையை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் எழுதினார். கம்ப்யூட்டர் பிரிண்ட் வருவதற்கு முந்தைய காலம். கிரயப் பத்திரம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாமே கையெழுத்துதான். வீட்டில்கூட அவர் பேச்சு பத்திரத் தமிழாகத்தான் இருக்கும். “மேற்படி முறுக்கை நான் சுயபுத்தியுடன் சாப்பிட்டேன், அதில் யாதொரு வில்லங்கமும் இல்லை” என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் குறை. “எட்டுப் பக்கம் எழுதறவன் வெளியே மரத்தடியில. ஒரு கையெழுத்துப் போடறவர் உள்ளே ஃபேனுக்கு அடியில. நீ உள்ளே உட்காரணும்டா!” குரூப்-1 பதவிகளில் மாவட்டப் பதிவாளர் என்று ஒன்று உண்டு. சப்-ரிஜிஸ்தருக்கெல்லாம் மேலே. அதற்கு அப்புறம் பச்சை மைதான்! அப்பா வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காலியிடப் பட்டியலில் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்.

போனில் கை வலியைச் சொன்னேன். அவர் பேனா என்ன விலை என்று கேட்கவில்லை. “எழுதின தாளைத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவிப் பாரு” என்றார். தடவினேன். கண் தெரியாதவர்கள் படிக்கும் பிரெய்ல் புத்தகம் மாதிரி மேடு மேடாக இருந்தது!

“உனக்கு வலிக்கிறது எழுதறதனால இல்ல. அழுத்தறதனால. பேனாவை அழுத்தாதேடா... அது எங்கேயும் ஓடிப் போகாது!”

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லிவிடுகிறேன். இன்றைய பால்பாயிண்ட் பேனாவை உருவாக்கியவர் லாஸ்லோ பீரோ. (நம் வீட்டில் புடவை வைக்கிற பீரோவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை!) ஹங்கேரிக்காரர், பத்திரிகையாளர். 1938-ல் காப்புரிமை வாங்கினார். மை கெட்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கண்ட சூட்சுமம். எண்ணெய் கலந்த பசை மாதிரி மை; முனையில் ஒரு குட்டி உருண்டை. உருண்டை உருளும்போது பசையை இழுத்துக்கொண்டு வந்து காகிதத்தில் தடவும். ஒழுகாது, சட்டென்று காயும், ரீஃபிலும் மாதக்கணக்கில் வரும். ஆனால் பசை கெட்டியாயிற்றே, உருண்டையை உருட்டக் கை கொஞ்சம் அழுத்தித்தான் ஆக வேண்டும். பத்து வரிக்கு அது தெரியாது. பத்துப் பக்கத்துக்குத் தெரியும்.

மைப் பேனா இதற்கு நேர் எதிர். நிப்பின் நடுவிலே உள்ள மெல்லிய பிளவு வழியாகத் தண்ணி மாதிரி மை தானாக இறங்கும். காகிதத்தைத் தொட்டாலே போதும். அப்பா முப்பது வருஷம் தாக்குப்பிடித்த ரகசியம் அதுதான். காராச்சேவுக்குப் பேர்போன சாத்தூர், ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போனது. குடிசைத் தொழிலாகவே நிப் செய்தார்கள். பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழிலை ஒடுக்கிவிட்டது. அப்பாவிடம் அந்தக் கால நிப் போட்ட கறுப்பு எபனைட் பேனா இன்னும் இருக்கிறது.

அப்படியானால் மைப் பேனாவோடு பரீட்சைக்குப் போகலாமா? அங்கேதான் சிக்கல். மெல்லிய காகிதத்தில் மை ஊறும், பின்பக்கம் தெரியும். வேர்வைக் கை பட்டால் இழுசும். நடுவில் மை தீர்ந்தால் ஃபில்லரைத் தேட முடியாது.

பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய பேனாக் கடைக்குப் போனேன். “மூணு மணி நேரம் எழுதணும், கை வலிக்கக் கூடாது” என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பரீட்சையா சார்? உட்காருங்க.” பத்துப் பன்னிரண்டு பேனாக்களை எடுத்துப் போட்டார்.

ஜெல் பேனாவை 1984-ல் ஜப்பானில் ஸகுரா என்ற கம்பெனி கொண்டுவந்தது. அந்த மை தக்காளி சாஸ் மாதிரி. பாட்டிலில் சும்மா இருந்தால் அசையாது, குலுக்கினால் ஓடிவரும். அதேபோல ஜெல் மை, உருண்டை உருளும்போது இளகி ஓடும். எழுத்து கறுகறுவென்று விழும், அழுத்த வேண்டாம். குறை என்ன? காய ஒரு நொடி கூடுதலாகும். இடது கைக்காரர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அழித்துக்கொண்டு போவார்கள். ரீஃபிலும் சீக்கிரம் தீரும். பால்பாயிண்டுக்கும் ஜெல்லுக்கும் நடுவில் இன்னொரு ஜாதி உண்டு. எண்ணெய் மைதான், ஆனால் நீர்த்த மை. 2006-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த யூனி ஜெட்ஸ்ட்ரீம் இந்த வகை. வழுக்கிக்கொண்டு ஓடும், சட்டென்று காயவும் காயும்.

மையைவிட முக்கியம் பேனாவின் இடுப்பு! ஒல்லிப் பேனாவை நழுவாமல் பிடிக்க விரல்கள் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் பருமன், விரல் படுகிற இடத்தில் ரப்பர் என்றால் பிடி தானாகத் தளரும். ரொம்ப கனமும் ஆகாது. சிலர் மூடியைப் பின்பக்கம் மாட்டிக்கொண்டு எழுதுவார்கள். பாரம் பின்னால் இழுக்கும். குட்டைப் பேனா என்றால் மாட்டலாம், மற்றதற்கு மூடி மேஜையிலே இருக்கட்டும்.

கடையிலே கையெழுத்துப் போட்டுப் பார்க்கவில்லை. நாலு பேனாவை மட்டும் வாங்கிவந்தேன். நாலும் சேர்ந்து இரண்டு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடுகிற செலவுதான். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பேனா, அரை மணி நேரம், ஒரே விஷயத்தை எழுதினேன். முடிந்ததும் மூன்று சோதனை. தாளின் பின்பக்கம் மேடு இருக்கிறதா? நடுவிரலில் பள்ளம் விழுந்திருக்கிறதா? முதல் பக்கத்து எழுத்தும் கடைசிப் பக்கத்து எழுத்தும் ஒரே ஆள் எழுதினது மாதிரி இருக்கிறதா? மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். திருத்துகிறவர் நம் விரலைப் பார்க்கப் போவதில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார்.

நாலில் இரண்டு தோற்றன. ஒன்று அங்கங்கே மைச் சொட்டு விட்டது. இன்னொன்றுக்குப் புள்ளி வைக்கப் பேனாவைத் தூக்கினால் அடுத்த எழுத்து வெள்ளையாக விழுந்தது. மிஞ்சின இரண்டில் ஒரு ஜெல், ஒரு நீர்த்த எண்ணெய் மை. வேர்க்கிற கைக்காரனான நான் இரண்டாவதை எடுத்தேன். கறுப்பு மை. ஹால் டிக்கெட்டில் எந்த நிறம், என்ன பேனா என்று போட்டிருக்கிறதோ அதுதான் வேதவாக்கு. அங்கே நம் சொந்த ரசனையைக் காட்டக் கூடாது.

அதோடு முடியவில்லை. ஊருக்குப் போனபோது அப்பா தன் எபனைட் பேனாவைக் கொடுத்தார். “பரீட்சைக்கு இல்ல. கையைப் பழக்க. இதை அழுத்தினா நிப்பு விரிஞ்சிடும். அந்தப் பயத்திலேயே உன் கை இளகும்.” ஒரு மாசம் அதில் எழுதினேன். அடுத்த மாசம் பரீட்சைப் பேனாவுக்கு மாறினேன். பழகிய கை மறுபடி அழுத்தவில்லை. முழங்கை வரை மேஜையில் கிடக்க வேண்டும், விரலால் எழுதாமல் கையோடு சேர்த்து நகர்த்த வேண்டும், வெறும் பலகைமேல் ஒற்றைத் தாள் வைக்காமல் அடியில் நாலு தாள் போட வேண்டும், ஒரு பதில் முடிந்ததும் கையைத் தொங்கவிட்டு உதற வேண்டும்... எல்லாம் அவர் பாடம்.

அவருடைய நடுவிரலில் பட்டாணி அளவுக்கு ஒரு காய்ப்பு இருக்கிறது. “இவ்வளவு தெரிஞ்சும் உங்களுக்கு எப்படிப்பா இது?” என்று கேட்டேன்.

“முதல் மூணு வருஷம் எனக்குச் சொல்லித்தர யாருமில்லே. இது அப்போ வாங்கின கடன். அசல் அடைஞ்சிருச்சு. இது வட்டி!”

மெயின் பரீட்சைகளை எழுதி முடித்தேன். ஒரு நாளும் கை மக்கர் பண்ணவில்லை. கடைசி நாள் மட்டும் ஒரு சின்ன நஷ்டம். மேற்பார்வையாளர் விடைத்தாளில் கையெழுத்துப் போட என் மாற்றுப் பேனாவை வாங்கினார். “அட, நல்லா ஓடுதே” என்று பாராட்டினார். பாராட்டிக்கொண்டே அடுத்த பெஞ்சுக்குப் போனார். அதற்கடுத்த பெஞ்சுக்கும் போனார். அப்புறம் அந்தப் பேனாவை நான் பார்க்கவில்லை. இரவல் கொடுத்தால் மூடியை நம்மிடம் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பார்கள். அது பட்டன் பேனா, நான் என்ன செய்ய?

ரிசல்ட் இன்னும் வரவில்லை. அன்று சாயங்காலமே அப்பா போன் பண்ணினார். கேள்வி கஷ்டமா, எத்தனை எழுதினாய், எவ்வளவு மார்க் வரும் என்று எதுவும் கேட்கவில்லை.

“விரல்ல பள்ளம் விழுந்திருக்காடா?”

“இல்லப்பா.”

“ம்... யாதொரு வில்லங்கமும் இல்லை” என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.