சுண்ணாம்பு நிரப்பும் கை

30 மீட்டர் ஆழத்தில் சாதாரண ஸ்கூபா சிலிண்டரோடு நீந்துகிறவர், கரையில் அளந்தால் நிமிடத்துக்கு 80 லிட்டர் வரும் அளவுக்குக் காற்றைச் செலவழிக்கிறார். அவர் உடம்பு எடுத்துக்கொள்வது சுமார் 1 லிட்டர் ஆக்ஸிஜன்தான். மிச்சமெல்லாம் குமிழிகளாக மேலே போய்விடும். ரீப்ரீதர் அந்தக் குமிழிகளை வெளியே விடுவதில்லை. விட்ட மூச்சிலிருந்து கரியமில வாயுவை எடுத்துவிட்டு, குறைந்துபோன ஆக்ஸிஜனை மட்டும் ஈடுசெய்து மறுபடி வாய்க்கே அனுப்புகிறது. அதனால் 3 லிட்டர் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று மணிக்கணக்கில் தாங்கும். குமிழிச் சத்தம் இல்லாததால் மீன்களும் விலகி ஓடுவதில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் வேலை பார்க்கும் நண்பருக்கு இந்தக் கருவிமேல் நெடுநாள் ஆசை. ஃபால்மத் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் பழைய கப்பல்களை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்பார். "கடைக்குப் போறதுக்கு முன்னால ஒருத்தரைப் பார்க்கணும், நீங்களும் வாங்க" என்று என்னையும் அழைத்துப் போனார்.

பார்க்கப் போனவர் ரீப்ரீதர்களைப் பழுது பார்க்கிறவர். அறுபதைத் தாண்டியவர், பெயர் போட வேண்டாம் என்றார். தந்தை சவுத் கிராஃப்டி வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளி. அந்தச் சுரங்கம் 1998இல் மூடப்படுவதற்கு வெகுநாள் முன்பே மகன் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, கடல் கண்ணிகளை அகற்றும் முக்குளிப்பாளராகிவிட்டார். குமிழிச் சத்தத்தில்கூட வெடிக்கக்கூடிய கண்ணிகள் உண்டு என்பதால் அவர்களுக்கு ரீப்ரீதர்தான் அன்றாடக் கருவி. ஓய்வுக்குப் பிறகு, கொட்டகை போன்ற இந்தப் பட்டறை. மேசைமேல் ரப்பர் ஹோஸ்கள், ஓ-ரிங்குகள், பிரித்துப் போட்ட வால்வுகள். மூடிகள் தனி வரிசை, திருகுகள் தனிக் கிண்ணம்.

நண்பர் தன் பட்டியலை நீட்டினார். கருவிக்கு அடுத்தபடியாக விளக்கு, நீருக்கடியில் இழுத்துச் செல்லும் மோட்டார், கேமரா உறை, விலையுயர்ந்த இரண்டாவது கணினி. பெரியவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதலில் யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ரீப்ரீதர் பயிற்சி ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி. ஒன்றில் தேறியவர் இன்னொன்றை எடுத்துக்கொண்டு இறங்க முடியாது. ஆகவே முதலில் ஆசிரியர், பிறகு அவர் கற்றுத்தரும் மாடல், அதன்பின் அந்த மாடலுக்குப் பக்கத்திலேயே சர்வீஸ் கிடைக்குமா என்ற விசாரணை. நாம் மோட்டார் சைக்கிள் வாங்கும்போது கேட்கும் இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் கேட்கிறார்களாம்.

எலெக்ட்ரானிக் பலகை பற்றியும் அவர் விளக்கினார். அதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. அவர் கரியமில வாயுவைப் பிடிக்கும் டப்பாவை எடுத்து மடியில் வைத்த பிறகு என் கண் வேறெங்கும் போகவில்லை.

அதில் நிரப்புவது சோடா லைம். பெரும்பகுதி நம் வெற்றிலைச் சுண்ணாம்பேதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. 1 முதல் 2.5 மில்லிமீட்டர் வரையுள்ள வெள்ளைக் குருணை. விட்ட மூச்சு இதன் வழியே போகும்போது கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்துகொள்கிறது. சூடும் ஈரமும் உண்டாகின்றன. பெரியவர் காற்று வீசும் வாசலுக்குப் போய், தூசி பறக்க, உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகக் கொட்டினார். பாதி நிறைந்ததும் டப்பாவின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார். குருணை இறங்கியது. மறுபடி கொட்டல், மறுபடி தட்டல். இனி இறங்காது என்பதை விரல் நுனியில் அறிந்த பிறகே மூடியை அழுத்தினார். தளர்வாக நிரப்பினால் கருவி சாயும்போது குருணைக்குள் ஒரு சந்து விழும். மூச்சு அந்தச் சந்து வழியாகவே ஓடிவிடும். சுண்ணாம்பு இருந்தும் இல்லாத கணக்கு. குளிர்ந்த நீரில் சுண்ணாம்பின் வேகமும் குறைகிறது. கார்ன்வால் கடலோ எப்போதும் குளிர்ச்சிதான்.

இந்தக் கருவிக்கு வயது அதிகம். ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் 1878இல் காப்புரிமை பெற்றார். காஸ்டிக் பொட்டாஷில் ஊறிய கயிற்று இழைகள்தான் அவருக்குச் சுண்ணாம்பு. 1880இல் செவர்ன் நதிக்கடியில் வெட்டிய சுரங்கப் பாதை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, காற்றுக் குழாய் மாட்டிய முக்குளிப்பாளரால் குழாயை அவ்வளவு தூரம் இழுத்துப் போக முடியவில்லை. அலெக்சாண்டர் லாம்பர்ட் ஃப்ளூஸின் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு, இருட்டில் சுமார் 300 மீட்டர் போய் இரும்புக் கதவை அடைத்தார். பொழுதுபோக்கு முக்குளிப்பாளர் கடையில் வாங்கும்படியாக 'இன்ஸ்பிரேஷன்' என்ற ரீப்ரீதர் வெளிவந்தது 1997இல். அதைச் செய்ததும் இதே கார்ன்வாலில், ஹெல்ஸ்டன் ஊரில்.

கரியமில வாயு ஏறினால் மூச்சு முட்டும், தெரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இருபது பேரை, அவர்களுக்குத் தெரியாமல், சுண்ணாம்பே இல்லாத கருவியில் ஐந்து நிமிடம் மூச்சுவிடச் செய்தார்கள். ஐந்து பேர் கடைசிவரை நிறுத்தவில்லை. அரைகுறையாகப் பழுதான டப்பாவை இரண்டே பேர்தான் உணர்ந்தார்கள். நிரப்பும் கைதான் பாதுகாப்பு.

அடுத்தது ஆக்ஸிஜன் சென்சார். கருவிக்கு மூன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஈயம், தயாரான நாளிலிருந்தே அது கரையத் தொடங்குகிறது, கடலில் இறக்கினாலும் பெட்டியில் வைத்தாலும். ஈயம் தீர்ந்த சென்சாரால் ஓர் அளவுக்குமேல் காட்ட முடியாது. உண்மையில் ஆக்ஸிஜன் கூடிக்கொண்டே போக, கருவியோ போதவில்லை என்று மேலும் திறந்துவிடும். அளவு மீறிய ஆக்ஸிஜன் முன்னறிவிப்பில்லாமல் வலிப்பைக் கொண்டுவரும். கருவி மூன்றில் ஒத்துப்போகும் இரண்டை நம்புகிறது. கிழடு தட்டிய இரண்டும் சேர்ந்துவிட்டால் நல்லதன் பேச்சு எடுபடாது. அதனால் மூன்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், மாதங்கள் விட்டு மாற்றுங்கள் என்றார்.

இங்கேதான் அவர் குரல் உயர்ந்தது, எனக்கும் கோபம் வந்தது. பழைய ரீப்ரீதர்களை வாங்கி விற்கும் இடைத்தரகர்கள் கருவியைத் துடைத்து மினுக்கி, காலாவதியான சென்சார்களோடேயே கைமாற்றிவிடுகிறார்கள். புதியவர்களோ விலை மலிவு என்று மகிழ்கிறார்கள். புதிய கருவி விற்கும் சிலரும் லாபம் எதில் அதிகமோ அதையே முன்னால் நீட்டுகிறார்கள். விளக்கில் லாபம் உண்டு, கேமரா உறையில் உண்டு. சுண்ணாம்பு டின்னில் என்ன இருக்கிறது? உயிரைக் காக்கும் பொருளெல்லாம் மலிவாக, அழகில்லாமல், அடுக்கின் அடித்தட்டில் கிடக்கிறது. 1998 முதல் 2010 வரை ரீப்ரீதரோடு இறங்கி இறந்தவர்கள் உலகெங்கும் 181 பேர் என்று ஆண்ட்ரூ ஃபாக் என்ற மருத்துவர் தொகுத்திருக்கிறார். சாதாரண ஸ்கூபாவைவிட ஆபத்து சுமார் பத்து மடங்கு என்பது அவர் மதிப்பீடு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, வாங்க வருகிறவரிடம் மறைப்பவர் வியாபாரி இல்லை.

நண்பரின் தாளின் பின்பக்கத்தில் பெரியவர் புதிய பட்டியல் எழுதினார். முதலில், கருவி கைவிட்டால் மூச்சுவிட ஒரு தனி சிலிண்டர். அளவு என்ன? 40 மீட்டரில் கரியமில வாயு ஏறி இரைக்கிறவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பார். அங்கே அழுத்தம் ஐந்து மடங்கு, ஆக 200 லிட்டர். 7 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 1,400 லிட்டர். ஏழே நிமிடம்! மேலே வர ஆகும் நேரத்தை இதோடு ஒப்பிட்டுத்தான் சிலிண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, வாயிலிருந்து மவுத்பீஸை எடுக்காமலே அந்த சிலிண்டருக்கு மாற்றிவிடும் வால்வு. இரைப்பு முற்றியவரால் மவுத்பீஸை ஒரு நொடிகூடக் கழற்ற முடியாது என்பதைக் கடற்படையில் நேரில் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது, தலையைச் சுற்றி மவுத்பீஸைப் பிடித்து வைக்கும் ரப்பர் பட்டை. இருப்பதிலேயே மலிவானது. பிரெஞ்சு ராணுவ முக்குளிப்பாளர்களுக்கு 1979 முதல் 2009 வரை ரீப்ரீதரால் நேர்ந்த 153 பாதிப்புகளை ஆராய்ந்தபோது, 54 பேர் நீருக்கடியில் நினைவிழந்திருந்தார்கள். மூழ்கி இறந்தவர்கள் மூவர். இந்த ராணுவத்தினர் பட்டை கட்டி, துணையோடு இறங்குகிறவர்கள். நினைவு தப்பினாலும் வாய் திறந்து நீர் புகுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் மேலே கொண்டுவந்துவிடுகிறார்.

பட்டியலில் மோட்டாரும் கேமரா உறையும் இல்லை. அவற்றுக்கு ஐம்பது மணி நேரம் நீரில் கழித்தபின் வாருங்கள் என்றார். நண்பர் முன்பணம் கட்டவிருந்த கருவியை விட்டுவிட்டு, இரண்டு ஆசிரியர்களின் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டார். பெரியவர் காலி டப்பா ஒன்றை அவர் கையில் கொடுத்து, வாசலில் நிறுத்தி, நிரப்பச் சொன்னார். முதல் முறை நிரப்பியதைக் குலுக்கிப் பார்த்ததும் உள்ளே குருணை நகரும் சத்தம் கேட்டது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார்.